அடுப்படி மண்

கொரந்தீன் துணிக்கூடையோடு துறைக்கு இறங்கியபோது பேச்சு நிற்கவில்லை. நின்றிருந்தால் அவளுக்கு அது புதிதில்லை. எங்கள் கெர்ஸ்தேர் ஊரில் ஒருத்தி வரும்போது பேச்சு நிற்பதும், அவள் முதுகு திரும்பியதும் தொடர்வதும் ஆற்றுக்குள் கடல் ஏறி இறங்குவது மாதிரி. ஆனால் அன்று துறையில் இருந்த பெண்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். பிரெஞ்சில்.

அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கூடை பிரெஞ்சு வார்த்தை தேறாது. ஆரம்பித்தது பெரின். முட்டி நனையாமலிருக்க வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் மண்டியிட்டு, துவைப்புக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, துரைசானி மாதிரி கழுத்தை நீட்டினாள்.

"வணக்கம், மதாம். தாங்கள் நலமா?"

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பெரினக்கா," என்றாள் கொரந்தீன், ஊரே பேசுகிற எங்கள் பேச்சில். "கடல் ஏறுறதுக்குள்ள அலசிட்டுப் போயிடுறேன்."

"மன்னிக்கவும், மதாம். எனக்கு விளங்கவில்லை."

பக்கத்திலிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, பள்ளிக்கூடத்தில் 'இல்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு வந்தவள், உற்சாகமாகச் சேர்ந்துகொண்டாள். "இடம் இல்லை, மதாம். கல் இல்லை, மதாம். தண்ணீர் இல்லை, மதாம்!"

கொரந்தீன் கடைசிக் கல்லுக்குப் போனாள். மேலே அடிக்கிற எல்லார் அழுக்கும் சோப்பு நுரையும் வந்து தேங்குகிற இடம். ஊற்றுநீர் அங்கே வந்து சேரும்போது பால் கலங்கின மாதிரி இருக்கும். மண்டியிட்டு, புருஷனின் சட்டையைக் கல்லில் விரித்தாள். அந்த அவமானத்துக்கு நடுவிலும் பெரின் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னது அவள் காதில் முள்ளாக நின்றது. மனசுக்குள்ளேயே திருத்தினாள். திருத்தியதும் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இந்தப் புத்திதான், இந்தப் புத்திதான் என்று சட்டையை அடித்தாள்.

கோர்ட்டில் அவளை எழுப்பிவிட்டது இதே பெரின்தான்.

கொரந்தீனின் புருஷன் குவெல்தாஸும் பக்கத்துத் தெரு ரிவாலும் ஒரே மணல்படகின் கூட்டாளிகள். கடல் வடிகிறபோது ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டின் மேல் படகைத் தரை தட்ட விட்டு, இடுப்பொடிய மணலை அள்ளி ஏற்றி, கடல் ஏறுகிறபோது அதோடு மிதந்து ஊருக்குத் திரும்புகிற வேலை. ஒருத்தனால் ஆகாது. அந்த வசந்தத்தில் ரிவால் திட்டோரம் தடையை மீறி வலை போட்டு ஒரு சால்மன் மீன் பிடித்தான். வெளியூரிலிருந்து வந்த ஆற்றுக் காவலர் வலையை அறுத்து, மீனைத் திருப்பி ஆற்றிலேயே உதைத்துத் தள்ளினார். ரிவால் துடுப்பால் அடித்தான். காவலருக்கு ஒரு கண் போயிற்று.

காவலர் படகில் வழுக்கி விழுந்தார் என்று ஊர் முடிவு செய்தது. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை. மறுநாள் காலையில் எல்லார் வாயிலும் அது இருந்தது, அவ்வளவுதான். ரிவாலுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். கேஸ் நடக்கும் நாளில் கோர்ட்டுத் துபாசி காய்ச்சலில் படுத்துவிட்டார். ரெண்டு மொழியும் தெரிந்தவர் யாராவது உண்டா என்று ஜட்ஜ் கேட்டதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, கூட்டத்தில் இருந்த பெரின் கொரந்தீனை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "எந்திரிடி. நாந்த் பட்டணத்துல பெரிய வீட்டுல வேலை பாத்தவ இவ. எந்திரி, நம்ம பையனைக் காப்பாத்து."

ஊருக்குக் கொண்டாட்டம். துபாசியே நம்ம ஆள். ரிவால் என்ன உளறினாலும் கொரந்தீன் வாயில் அது சீராகித்தான் வெளியே வரும் என்று நினைத்தார்கள்.

ரிவால் முதலில் சொல்லிக்கொடுத்தபடிதான் சொன்னான். வழுக்கிட்டார் ஐயா. அவளும் அப்படியே சொன்னாள். பிறகு காவலரின் வாக்குமூலத்தை அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. அடித்துவிட்டு அவன் தன் காலில் விழுந்து நாய் மாதிரி அழுதான் என்று காவலர் சொல்லியிருந்தார். கேட்டதும் ரிவாலின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நானா? நானா அழுதேன்? அடிச்சவன் நான். தெரிஞ்சேதான் அடிச்சேன். அந்தத் துடுப்ப இப்ப என் கையில குடுக்கச் சொல்லு, மிச்சக் கண்ணையும் எடுக்கிறேன்."

ஜட்ஜ் கொரந்தீனைப் பார்த்தார். அவள் சொன்னாள். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல்.

ரிவாலை இரண்டு வருஷம் உள்ளே போட்டார்கள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று குவெல்தாஸ் ஒரே ஒரு தடவை கேட்டான். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அவரு சொன்னதத்தான் சொன்னேன்."

"அது தெரியும். ஏன் அவ்வளவு நல்லா சொன்ன? எனக்கு அந்தப் பாஷை தெரியாது. உன் மொகம் தெரியும்."

அவளுக்குப் பதில் இருந்தது. நாந்த்தில் அவள் வாயைத் திறந்தாலே அந்த வீட்டுக் குழந்தைகள்கூடச் சிரிக்கும். பழிப்புக் காட்டும். அப்படிச் சிரிப்புக்கு நடுவில் சேர்த்த மொழி அது. கோர்ட்டில் முதல் தடவையாக, கறுப்பு அங்கி போட்ட ஆண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரிவாலின் வாக்கியம் அவள் நாக்கில் வந்து முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. உண்மை, பொய் என்றெல்லாம் அந்தக் கணத்தில் அவள் யோசிக்கவே இல்லை. பிற்பாடு எத்தனை தடவை தோண்டிப் பார்த்தாலும் அடியில் கிடைத்தது இதுதான். யோக்கியதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முயன்று பார்த்தாள். ஒட்டவில்லை.

அன்றிலிருந்து ஊரில் யாரும் அவளிடம் எங்கள் பேச்சில் பேசவில்லை. ரொட்டிக்கடையில் 'மதாம்'. கோயில் வாசலில் 'மதாம்'. வெண்ணெய் வாங்கப் போனால், தலைமுறையாக உப்பு வெண்ணெய் தவிர வேறு தெரியாத கிழவன்கூட, "என்ன வேண்டும், மதாம்?" என்று கஷ்டப்பட்டு நாக்கை வளைத்தான். குவெல்தாஸை ஒதுக்கவில்லை. அவனிடம் பேசினார்கள், தோளில்கூடத் தட்டினார்கள். ஆனால் அவனோடு படகேற மட்டும் ஒருத்தனும் வரவில்லை. படகு கரையில் ஒருக்களித்துக் கிடந்தது.

வீடு மட்டும் இல்லையென்றால் அவள் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருப்பாள்.

படித்துறைப் பக்கம் அவர்கள் இருந்த வாடகை வீட்டை செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் காலி செய்தாக வேண்டும். மேட்டில் புது வீட்டுக்குச் சுவர் எழும்பி, கூரையும் வேய்ந்தாகிவிட்டது. பாக்கி தரைதான். அதற்கான களிமண்ணை ஆற்று வளைவில் வெட்டி, மணல்படகிலேயே ஏற்றிக்கொண்டு வந்து குவித்தவன் ரிவால். நல்ல நீலக் களி, ஒரு கல் கிடையாது. ஒவ்வொரு கட்டியையும் கையால் பிட்டுப் பார்த்துத்தான் படகில் போட்டான். "உன் வீட்டுத் தரையில நான்தான் முதல்ல ஆடுவேன், மதினி. அடுப்புக்கு முன்னாடி, நல்ல எடத்துல," என்று சொல்லியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் மண் தரையைக் கட்டை வைத்து இடிப்பதில்லை. களியைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஊரைக் கூப்பிடுவார்கள். ஊர் வந்து மரச்செருப்போடு வரிசை கட்டி ஆடும். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, சுவரோரம் தொடங்கி நடுவரைக்கும், சாயங்காலம் வரை. அத்தனை கால் விழுந்தால்தான் களி கல்லாகும். ஒரு குடும்பத்துக் கால் போதாது. மிதிபடாமல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, முதல் மழைக்கே ஈரம் ஏறி, வீடு சேறாகிவிடும்.

குவெல்தாஸ் களியைப் பரப்பினான். வேறு வழி இல்லை. ஊரைக் கூப்பிட, பூசை முடிந்ததும் சேதி சொல்கிற கோயிற்பிள்ளை பிலிபிக்கிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலிபிக் கல்லறைத் தோட்டத்துச் சிலுவை மேடையில் ஏறி நின்று, வழக்கம்போல் ஊர்ச்சேதி சொன்னார். யாருடைய பசு காணாமல் போனது, யார் வீட்டில் பன்றி அடிக்கிறார்கள் என்றெல்லாம் எங்கள் பேச்சில். பிறகு ஒரு செருமல். பட்டாளத்தில் கற்றுக்கொண்ட பிரெஞ்சைக் கூட்டி எடுத்தார்.

"திங்கட்கிழமை, குவெல்தாஸ் அவர்களின் இல்லத்தில், புதிய தரை. அனைவரும் வருக."

கூட்டம் ஒன்றும் புரியாத முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நன்றாகவே புரிந்தவர்களும் அப்படியே பார்த்தார்கள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் பெரின் உரக்க.

"யாருக்குத் தெரியும்? துரைமார் சமாச்சாரம் போல," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

குவெல்தாஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தான். கொரந்தீன் கல்லறைகளுக்கு நடுவே அவன் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை விடியும்போதே கிழக்குக் காற்று. ஈரத்தை உறிஞ்சுகிற காற்று. கொரந்தீன் பெரிய கொப்பரையில் கஞ்சி கிண்டினாள். கருங்கோதுமை அடை சுட்டு அடுக்கினாள். ஆப்பிள் கள் பீப்பாய்க்குக் குழாய் செருகி வைத்தாள். நாயனக்காரன் வரவில்லை. தோல்பைக் குழல் ஊதுகிறவனுக்குப் பல்வலியாம்.

ஊர் வந்தது. வாசலுக்கு வரவில்லை, சாலையோடு வந்தது. வேலைநாளிலும் திருநாள் போலக் கஞ்சி போட்ட வெள்ளைக்குல்லா வைத்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாக, மெதுவாக, திறந்திருந்த கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தபடி.

"போய்க் கூப்பிடட்டுமா?" என்றாள் கொரந்தீன்.

"எந்தப் பாஷையில?" என்றான் குவெல்தாஸ்.

மத்தியானத்துக்குமேல் அவனே மரச்செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி மிதித்தான். அவளும் இறங்கினாள். சுவரோரமாக நகர்ந்தார்கள். ரெண்டு பேர் மிதித்தது கோழி கிளறினது மாதிரிதான் இருந்தது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் காற்று வந்து நக்கியது. சாயங்காலம் சன்னலடியில் முதல் வெடிப்பு விட்டது, தலைமயிர் மாதிரி. கொரந்தீன் தண்ணீர் தொட்டு விரலால் தேய்த்தாள். அது பக்கத்தில் இன்னொரு மயிராகக் கிளம்பியது.

"விடு," என்றான். "விட்டுத் தொலை. உங்க நாந்த் வீட்டுல பலகைத் தரைதானே? அங்கயே போயிரு."

அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் விரலை எடுக்காமலே இருந்தாள்.

மறுநாள் காலையில் மஹரித் வந்தாள். ரிவாலின் பெண்டாட்டி.

மேட்டுப்பாதையில் அவள் ஏறி வருவதை இருவரும் பார்த்தார்கள். குட்டையான, அகலமான பெண். கறுப்புச் சால்வையை மார்பில் குறுக்காக இழுத்துக் கட்டியிருந்தாள். கால்களில் ரிவாலின் மரச்செருப்பு. பெரிசாக இருந்ததால் வைக்கோல் திணித்திருந்தாள். குவெல்தாஸ் எழுந்து கதவை மறைத்து நின்றான்.

"தள்ளு அண்ணே," என்றாள். "உன்னப் பாக்க வரல."

உள்ளே வந்து, தரையைச் சுற்றிப் பார்த்து, சன்னலடி வெடிப்பைச் செருப்பு முனையால் நிரடினாள். பிறகு கொரந்தீன் பக்கம் திரும்பினாள். கொரந்தீன் 'மதாம்' என்ற சொல்லுக்குத் தயாராக நின்றாள்.

"அடியே, நாறமுண்ட," என்றாள் மஹரித். "என் புருஷன் கல்லு பொறுக்கிப் பொறுக்கி எடுத்த மண்ண இப்படியாடி கொல்லுவ?"

எங்கள் பேச்சில் சொன்னாள். இத்தனை நாளுக்குப் பிறகு ஊராள் ஒருத்தி கொரந்தீனைப் பார்த்துச் சொன்ன முதல் எங்கள் பேச்சு அதுதான். தாகத்தில் கிடந்தவளின் முகத்தில் யாரோ வாளியோடு தண்ணீரை வீசியடித்த மாதிரி இருந்தது. வலித்தது. நாக்கு நனைந்தது.

"மதினி..." என்றாள்.

"மதினியாம் மதினி. வாயக் கிழிச்சிருவேன். நேத்து ஜெயிலுக்குப் போயிட்டு வந்தேன். ரயிலேறி. ஆயுசுல மொதத் தடவ. அங்க நம்ம பேச்சு கூடாதுன்னுட்டான். பக்கத்துல நிக்கிற காவக்காரனுக்குப் புரியணுமாம். எனக்குத் தெரிஞ்சது நம்ம பேச்சு ஒண்ணுதான், அவனுக்கும் ஒண்ணுதான். பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம், ரெண்டு ஊமையும். மணி அடிக்கப் போற நேரத்துல, மேசைக்கடியில அவன் கால் தட்டுது. டக்கு, டக்கு, டக்கு... டக். தரை மிதிக்கிற அடி. தரை மிதிச்சாச்சான்னு கேக்கிறான், பாவி. ஜெயில்ல உக்காந்துக்கிட்டு."

குவெல்தாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன்ன மன்னிச்சிட்டான்னு நெனச்சுக்காத," என்றாள் மஹரித். "உன்னக் கேக்கல. மண்ணத்தான் கேட்டான்."

"நான் அன்னைக்கி..."

"அன்னைக்கிக் கதை வேணாம். அவன் வாயில வந்ததத்தான் சொன்ன, எனக்குத் தெரியும். அதனாலதான் உன்ன வெட்டவும் முடியல, விடவும் முடியல. நீ பொய்யா ஒண்ணு சேத்துச் சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு சுளுவா இருந்திருக்கும்!" சால்வை முனையில் மூக்கைச் சிந்தினாள். "ஊருக்காரிங்க இருக்காளுகளே, உனக்கு மதாம் மதாம்னு சலாம் போட ஒருத்தி தவறல. என் வீட்டுக்கு ஒருத்தி ஒரு கட்டை வெறகு கொண்டாந்து போடல. சரி, எறங்கு. தண்ணி தெளி அண்ணே. நல்லா தெளி. கை புடி."

எங்கள் ஆட்டத்தில் சுண்டுவிரலில் சுண்டுவிரல் கோத்துக்கொள்வோம். மஹரித் குவெல்தாஸை நடுவில் நிறுத்தினாள். அவன் சுண்டுவிரலைத் தன் சுண்டுவிரலில் கோத்தாள். அவனுடைய மறுகை விரலைக் கொரந்தீனுக்கு விட்டாள்.

"பாட்டு?" என்றான் குவெல்தாஸ்.

நாயனம் இல்லாவிட்டால் வாய்ப்பாட்டுதான். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். அந்த அடியின் கடைசிச் சொற்களில் இன்னொருத்தி வந்து சேர்ந்துகொண்டு, முழு அடியையும் திருப்பிப் பாட வேண்டும். மூச்சு விட இடைவெளி கிடையாது. ஒரு சொல் மாறினாலும் வரிசையே கால் தடுமாறும்.

"நான் எடுக்கிறேன்," என்றாள் மஹரித். "திருப்பிச் சொல்றதுதான் அவளுக்கு நல்லா வருமே."

செருப்பு விழுந்தது. மஹரித்தின் குரல் அவள் உடம்பைப் போலவே அகலமானது.

"ஆத்தோரம் ஒருத்தி வீடு கட்டினாளாம்,
அடுத்தவன் சொல்ல எடுத்துக் கோர்ட்டுல வித்தாளாம்!"

கொரந்தீன் வாய் திறக்கவில்லை. பாட்டு அறுந்தது. குவெல்தாஸின் கால் தப்பான இடத்தில் விழுந்தது.

"சொல்லு!" என்று மஹரித் கத்தினாள். "கோர்ட்டுல சொன்ன இல்ல? சொல்லுடி!"

மறுபடி எடுத்தாள். 'கோர்ட்டுல வித்தாளாம்' என்ற இடத்தில் கொரந்தீன் சேர்ந்துகொண்டாள். முழு அடியையும் பாடினாள். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல்.

அதற்குப்பிறகு மஹரித் விடவில்லை. அடிமேல் அடியாக வந்தது. அவள் ஊற்றின கள் ஊற்றினபடியே புளித்ததாம். அவள் கூப்பிட்ட ஊருக்குக் காது அடைத்ததாம். ஒருத்தனுக்குக் கண் போச்சு, ஒருத்தனுக்குக் காலம் போச்சு, நல்ல பேர் ஒருத்திக்கு நாக்கோடு போச்சு. ஒவ்வொன்றையும் கொரந்தீன் வாங்கி, தன் வாயால், தன் குரலில், தன்னைப் பற்றியே பாடினாள். அழுகை வந்த இடத்திலும் தாளம் விடவில்லை. ஒரு சொல்லை மெதுவாக்கினால்கூடக் களியில் கால் வழுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோர்ட்டில் கிடைத்த இன்பம் இப்போது இல்லை. ஆனால் அதே கவனம் இருந்தது. அது தன்னைவிட்டுப் போகாது என்று அவளுக்குப் புரிந்தது. அதோடுதான் இனி இந்தத் தரையில் நடமாட வேண்டும்.

சுவரோரம் முடிந்து, சன்னலடி முடிந்து, வாசல் முடிந்து உள்ளே நகர்ந்தார்கள். நடுவில் ஒரு தடவை மஹரித் நின்று கள் குடித்தாள். ஆறிப்போன கஞ்சியில் குழி பறித்து வெண்ணெய் போட்டுத் தின்றாள், யாரையும் பார்க்காமல். தொண்டை கட்டியபிறகும் எடுத்துக் கொடுத்தாள். சாலையில் போனவர்கள் நின்றார்கள். பெரினும் நின்றாள். சிரிக்கலாமா என்று அவள் முகம் ஒரு நிமிஷம் யோசித்தது. பாட்டில் என்ன வருகிறது என்று காதில் விழுந்ததும் சிரித்தாள். பாட்டு எங்கள் பேச்சிலேயே இருந்ததால் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டாள். யாரும் உள்ளே வரவில்லை.

வெளிச்சம் மங்கும்போது களி இறுகியிருந்தது. குவெல்தாஸ் குதிகாலால் தட்டிப் பார்த்தான். கல்லின் சத்தம். பாக்கி இருந்தது அடுப்புக்கு முன்னால் ஒரு ஆள் நின்று ஆடுகிற அளவு இடம். அதை மிதிக்கக் கொரந்தீன் காலைத் தூக்கினாள்.

"எடு காலை!"

மஹரித் அவளைத் தோளில் கைவைத்துத் தள்ளினாள். அன்று முழுக்க அவள் கொரந்தீனைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"இது அவன் எடம். அவன்தான் மிதிக்கணும். வந்து மிதிப்பான். அதுவரைக்கும் இது காயக்கூடாது. தெனம் தண்ணி வையி. சாக்கு போட்டு மூடு. அவன் வர்ற அன்னைக்கி இது வெடிச்சிருந்துதோ, இந்தக் கூரைக்கு நானே நெருப்பு வைப்பேன். சத்தியம்."

"அடுப்புக்கு முன்னாடி..." என்றாள் கொரந்தீன். "அடுப்ப எரிச்சா இது காஞ்சிருமே, மதினி."

"ஆமா," என்றாள் மஹரித். சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கிப் போனாள்.

மிக்கேல் திருநாளுக்கு அவர்கள் புது வீட்டுக்கு வந்தார்கள். குளிர்காலம் வந்தது. ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாப் புகைபோக்கியிலும் புகை, அந்த ஒன்றைத் தவிர. கொரந்தீன் பின்பக்கச் சாய்ப்பில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள். ராத்திரியில் இருவரும் இருக்கிற சால்வை கோணி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். குவெல்தாஸ் ஒரு தடவைகூட அடுப்பைப் பற்றவை என்று சொல்லவில்லை. நாந்த்துக்குப் போ என்றும் சொல்லவில்லை.

"மதாம் வீட்டில் நெருப்பு இல்லை," என்றாள் பெரின் துறையில், குரலை இனிப்பாக்கிக்கொண்டு.

"இல்லை," என்றாள் கொரந்தீன் எங்கள் பேச்சில். கடைசிக் கல்லில் போய் மண்டியிட்டாள்.

மஹரித் தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் தினமும் காலையில் தன் வீட்டு வாசலில் நின்று மேட்டின் மேல் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கொரந்தீன் குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் முட்டி போட்டு, விறைத்த சாக்கை விலக்கி, உள்ளங்கையால் தண்ணீர் தெளிப்பாள். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவிக்கொண்டே வருவாள். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள்.

இன்றைக்கும் விரல் பதிந்தது.